படிமமல்ல, பக்கவிளைவு

தமிழ்ப் புதுக்கவிதையில் பைத்தியத்துக்கு எப்போதும் நல்ல கிராக்கி உண்டு. ஊரே பொய் பேசும்போது உண்மை பேசும் ஒரே ஆள் அவன். கோயில் வாசலிலோ பஸ் ஸ்டாண்டிலோ அவன் தலைகாட்டினால் கவிதை முடியப்போகிறது என்று அர்த்தம். சிறுகதையிலும் இதே கதிதான். அவன் என்ன பேசுகிறான் என்பதை யாரும் எழுதுவதில்லை. எழுதினால் படிமம் கெட்டுவிடும். எழுதுவதெல்லாம் அவன் உடம்பைத்தான். வெறும் வாயை மென்றுகொண்டிருக்கிறான். நாக்கு வெளியே வந்து வந்து போகிறது. விரல்கள் இல்லாத வீணையை மீட்டுகின்றன. பத்தடி போய்ப் பத்தடி திரும்பி நாளெல்லாம் நடக்கிறான். அல்லது முகம் கல்லாகி, கடைவாயில் எச்சில் வழிய, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். இதையெல்லாம் வாசிக்கவும் நமக்கு ஒரு சாவி தயாராக இருக்கிறது. மெல்லுவது கடந்த காலத்தை, மீட்டுவது பிரபஞ்ச லயத்தை, நடப்பது அர்த்தமின்மையின் வட்டத்தில், கல்முகம் சமூகத்தின் மீதான இறுதித் தீர்ப்பு.

என் சண்டை இந்தச் சாவியோடுதான். மேலே சொன்ன பட்டியலைக் கொண்டுபோய் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினால் அவர் கவிதை என்று நினைக்கமாட்டார். பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் என்று நினைப்பார். மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் ஊசிகளும் உடலின் அசைவில் உண்டாக்கும் விளைவுகளின் பட்டியல் அது, கிட்டத்தட்ட வரிசை பிசகாமல். நாம் ஆன்மாவைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருக்கிறோம். அதையும் தப்பாகப் படிக்கிறோம்.

விஷயத்தைக் கொஞ்சம் ஸ்தூலமாகவே சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைகளில் இது வருவதில்லை.

இம்மருந்துகள் மூளையில் டோபமீன் என்ற ரசாயனத்தின் வாங்கிகளை அடைக்கின்றன. பிரமைக் குரல்களும் சந்தேகங்களும் தணிவது அதனால்தான் என்று கருதப்படுகிறது. ஆனால் அதே டோபமீன்தான் நம் அசைவுகளுக்கும் சுருதி கூட்டுகிறது. ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடுகிறது. விளைவுகள் நான்கு. முதலாவது டிஸ்டோனியா, தசை இழுப்பு. மருந்து தொடங்கிய முதல் சில நாட்களிலேயே வரும், பெரும்பாலும் இளைஞர்களுக்கு. கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், விழிகள் மேலே செருகிக்கொள்ளும், நாக்கு தடித்து வெளியே தள்ளும். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும். ஒரு ஊசியில் சில நிமிஷங்களில் அடங்கிவிடும். இரண்டாவது அகதீசியா. உள்ளே ஒரு பிறாண்டல், உட்காரவிடாத அவதி. நின்ற இடத்தில் கால் மாற்றிக் கால் மாற்றி மிதிப்பார்கள், நடந்துகொண்டே இருப்பார்கள். மூன்றாவது பார்க்கின்சன் நோயின் நகல். முகபாவம் வற்றிவிடும், கண் சிமிட்டுவது குறையும், நடக்கும்போது கைகள் வீசாது, அடிகள் குறுகும், எச்சில் வழியும். நான்காவது மாதங்கள் அல்லது வருஷங்கள் கழித்து வருவது. அதனாலேயே டார்டிவ் டிஸ்கினீசியா, அதாவது தாமதமாக வரும் அசைவுக் கோளாறு, என்று பெயர். வாய் மெல்லும், உதடுகள் குவியும், நாக்கு துருத்தும், விரல்கள் தாமாக ஆடும். மருந்தை நிறுத்தினாலும் பலருக்கு இது போவதில்லை. நிறுத்தியதும் கொஞ்ச காலம் அதிகமாவதும் உண்டு. பழைய மருந்துகளை உட்கொண்ட வயது வந்தவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து பேர் வீதம் இது சேர்ந்துகொண்டே போகிறது என்பது கணக்கு. முதியவர்களுக்கு இன்னும் பல மடங்கு.

ஆக, நம் கவிதையில் மெல்லும் வாய் எதையும் மெல்லவில்லை. விழி வானத்தில் குத்திட்டு நின்றது தரிசனத்தால் அல்ல, விழித்தசையின் இழுப்பால் என்று கொள்வதற்கே நியாயம் அதிகம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த வாய்க்குச் சொந்தக்காரர் மனநோயாளியாக இருக்கவேண்டிய அவசியம்கூட இல்லை. வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு என்ற மாத்திரையும் டோபமீனை அடைப்பதுதான். நீண்ட நாள் சாப்பிட்டால் இதே வாயசைவு வரும் என்று 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டம் கட்டி எச்சரித்தது. வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு பாட்டியை நம் கவிஞர் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு அவளைப் பிரபஞ்சப் பைத்தியமாக்கியிருக்கலாம். இது ஹாஸ்யமல்ல. பார்வை என்ற சொல்லை இவ்வளவு உபயோகிக்கிற ஒரு வட்டத்தில், பார்ப்பது எவ்வளவு குறைச்சலாக நடக்கிறது என்பதற்கு அத்தாட்சி.

இனி, நாம் வழிபடும் பித்தர்களின் வரிசையைக் கவனியுங்கள். ஹோல்டர்லின் 1843-ல் இறந்தான். நெர்வால் 1855. வான்கோ 1890. நீட்ஷே 1900. ஆர்த்தோ 1948. பாரிஸில் சென்ட் ஆன் மருத்துவமனையில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கேயும் குளோர்புரோமசின் மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டது 1952-ல். நம்முடைய ஆதர்சப் பித்தர்கள் அத்தனை பேரும் அந்த வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் நாம் தெருவில் பார்க்கும் மனிதர் அதற்குப் பிந்தியவர். அவர் உடம்பில் அரை நூற்றாண்டு மருந்தியல் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் எழுத்தில் உலவுகிற பைத்தியத்தின் உள்ளம் 1952-க்கு முந்தையது, உடம்பு 1952-க்குப் பிந்தையது. ஆர்த்தோவின் உள்ளத்தைக் கடன் வாங்கி, ஹாலோபெரிடால் சாப்பிட்டவரின் உடம்பில் ஒட்டவைத்த ஜோடனை அது. ஒட்டிய இடம் இத்தனை காலமாக யார் கண்ணிலும் படவில்லை.

அந்த சென்ட் ஆன் மருத்துவமனையைப் பற்றி இலக்கியக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் உண்டு. ழான் தெலே வெறும் டாக்டர் அல்ல. ஆந்த்ரே ழீதின் இளமைக் காலத்தைப் பற்றி இரண்டு பாகங்களில் உளவியல் சரிதை எழுதியவர், 1959-ல் பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1950-களின் தொடக்கத்தில் அதே மருத்துவமனையில் உளவியல் பணியில் இருந்த ஒரு இளைஞரின் பெயர் மிஷெல் ஃபூக்கோ. அவர் எழுதிய பைத்தியத்தின் வரலாறு 1961-ல் வந்தது. மருந்தும் மருந்தின் மீதான சந்தேகமும் ஒரே மதிலுக்குள்ளிருந்து வந்திருக்கின்றன. நாம் ஃபூக்கோவை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். பக்கத்து வார்டில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

பக்கத்து வார்டில் நடந்தது இது. மருந்து வந்த இரண்டாம் வருஷமே, 1954-ல், லோஸானில் ஹான்ஸ் ஸ்டெக் என்ற மருத்துவர், நோயாளிகள் பார்க்கின்சன் நோய்க்காரர்களைப் போல விறைத்துப்போவதை எழுதிவிட்டார். 1955-ல் தெலேயும் தெனிக்கேயும் இம்மருந்துகளுக்கு நியூரோலெப்டிக் என்று பெயர் வைத்தார்கள். நரம்பைப் பிடிப்பது என்று கிரேக்க வேர். பெயரிலேயே பிடிமானம் இருக்கிறது. அந்த விறைப்பைப் பக்கவிளைவு என்று அன்று பலர் நினைக்கவில்லை. மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்றே நினைத்தார்கள். 1957-ல் ஜெர்மனியில் ஷோனெக்கர், மருந்தை நிறுத்திய பிறகும் நிற்காத வாயசைவுகளைப் பதிவு செய்தார். 1964-ல் டென்மார்க்கின் ஃபாவுர்பியு டார்டிவ் டிஸ்கினீசியா என்று பெயரிட்டார். அதற்குப் பிறகும் மருத்துவ உலகம் இதை முழுதாக ஒப்புக்கொள்ள வருஷங்கள் பிடித்தன. அமெரிக்காவில் ஜார்ஜ் கிரேன் 1960-களிலும் 70-களிலும் திரும்பத் திரும்ப எழுதவேண்டியிருந்தது. அசைவைப் பார்த்தும் பைத்தியத்தின் சேஷ்டை என்று ஒதுக்கியவர்கள் நம் கவிஞர்கள் மட்டுமல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். டாக்டர்கள் வேறு காரணத்துக்காகப் பார்க்கவில்லை. நாம் வேறு காரணத்துக்காகப் பார்க்கவில்லை. பார்க்கப்படாதவர் ஒருவர்தான்.

எழுதுகிறவர்களுக்கு உறைக்கக்கூடிய ஒரு பரிசோதனை உண்டு. ஹான்ஸ் யோவாகிம் ஹாஸ என்ற ஜெர்மன் மருத்துவர், மருந்தின் அளவைத் தீர்மானிக்க நோயாளியின் கையெழுத்தைப் பார்த்தார். மருந்து தொடங்குமுன் சில வரிகள் எழுதச் சொல்வது, அளவை மெல்ல ஏற்றிக்கொண்டே அதே வரிகளைத் திரும்ப எழுதச் சொல்வது. எழுத்து எப்போது சுருங்கத் தொடங்குகிறதோ அதுதான் வாசல்படி, அதற்கு மேல் ஏற்றத் தேவையில்லை என்பது அவர் வாதம். 1991-ல் அமெரிக்காவில் மெக்ஈவோயும் சகாக்களும் உடலில் லேசான விறைப்பு தட்டும் அளவை அந்த வாசல்படியாகக் கொண்டு சோதித்தார்கள். ஹாலோபெரிடாலில் அது சராசரியாக நாளுக்கு 4 மில்லிகிராமுக்கும் குறைவு. அதற்கு மேல் கொடுத்தவர்களுக்கு மனப்பிறழ்வு கூடுதலாகக் குறையவில்லை, உடல் தொந்தரவுதான் கூடியது. 2000-ல் டொரான்டோவில் கபூரும் சகாக்களும் மூளையைப் படமெடுத்து இதையே வேறு வழியில் சொன்னார்கள். வாங்கிகளில் நூற்றுக்கு 65 அடைபட்டால் குணம் தெரிய ஆரம்பிக்கிறது, 78-ஐத் தாண்டினால் அசைவுக் கோளாறு. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் குறுகலான சந்தில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

கையெழுத்தைப் பொறுத்தவரை வங்கிக் கவுன்ட்டரில் உட்காருகிறவன் என்ற முறையில் எனக்கும் ஒரு சாட்சியம் இருக்கிறது. கணக்குத் தொடங்கியபோது போட்ட கையெழுத்து கம்பீரமாக, வால் நீண்டு இருக்கும். இரண்டு வருஷம் கழித்துப் பணம் எடுக்கும் சீட்டில் அதே பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி சுருங்கி, கடைசி எழுத்துக்குப் போகுமுன் தேய்ந்துவிட்டிருக்கும். கூட வந்த அம்மா, பையன்தான் போட்டான், இப்போதெல்லாம் இப்படித்தான் போடுகிறான் என்பாள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சீட்டைத் திருப்பிவிடுவார்கள். குடிக்கிறானா என்று ஒருவர் காதோடு கேட்பார். புதிய மாதிரிக் கையெழுத்து வாங்கிக்கொள்ள விதியில் இடம் உண்டு. அதைச் சொல்கிறவர்தான் குறைவு. ஹாஸ கண்டுபிடித்ததை எந்த வங்கிக் கிளையும் படித்திருக்கவேண்டியதில்லை. ஆனால் மனிதனின் எழுத்தைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற நாம், எழுத்து சுருங்குகிற மனிதனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இங்கே மூன்று ஆட்சேபங்கள் எழும் என்று தெரியும்.

முதலாவது, ஃபூக்கோவும் லெய்ங்கும் படித்த நண்பர்களிடமிருந்து வரும். பார்த்தாயா, மருந்தே விலங்கு, நீயே ஒப்புக்கொண்டாய் என்பார்கள். நான் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. விலங்கு எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் ஏர்வாடிக்குப் போகவேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில் அங்கே ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களை ரசாயனம் கட்டிவைக்கவில்லை, இரும்பு கட்டிவைத்தது. மருந்து இல்லாத உலகம் சுதந்திர உலகம் என்று காப்பிக் கடையில் பேசுவது சுலபம். குரல்கள் ஓயாமல் திட்டுகிற ஒருவருக்கு அவை ஓய்வது என்றால் என்ன என்று கேட்டுவிட்டுப் பேசவேண்டும். மாத்திரையைத் தூக்கி எறி என்று கவிதையில் சொல்கிறவர், எறிந்த பின் அந்த வீட்டில் ராத்தங்கத் தயாரா?

அதே சமயம், மருந்து விலங்காக உபயோகிக்கப்பட்டதும் சரித்திரம்தான். சோவியத் உக்ரைனில் லியோனித் ப்ளியுஷ்ச் என்ற கணித அறிஞரை, அரசியல் கருத்துக்காக, 1973-லிருந்து த்னெப்ரோபெத்ரோவ்ஸ்க் சிறப்பு மனநோய் மருத்துவமனையில் அடைத்து ஹாலோபெரிடால் கொடுத்தார்கள். 1976 ஜனவரியில் விடுவிக்கப்பட்டு அவர் பாரிஸுக்கு வந்தார். படிக்கவும் சிந்திக்கவும் விருப்பம் அற்றுப்போய்த் தான் சரிந்ததை அவரே உலகத்துக்குச் சொன்னார். அதே மருந்துதான். வைத்தியமாவதும் தண்டனையாவதும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது. அளவு என்ன, சம்மதம் உண்டா, சாப்பிடுகிறவர் சொல்வதைக் கேட்க யாராவது இருக்கிறார்களா. மூன்றும் கவிதைக்கு லாயக்கில்லாத சாதாரண விஷயங்கள். ஆனால் நிஜம் அங்கேதான் இருக்கிறது.

இதே வரிசையில், இதெல்லாம் மேற்கத்திய ரசாயனத்தின் கொடுமை, நம் மரபில் இப்படி இல்லை என்கிற தொன்மைப் பிரியர்களும் உண்டு. நம் சர்ப்பகந்தா வேரைப் பித்தத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கலாம் என்று கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் எழுதினார்கள். அந்த வேரிலிருந்து 1952-ல் ஸ்விட்சர்லாந்தில் பிரித்தெடுத்ததுதான் ரிசர்பின். ஸ்டெக் 1954-ல் விறைத்துப்போகக் கண்ட நோயாளிகளில் குளோர்புரோமசின் சாப்பிட்டவர்களும் இருந்தார்கள், ரிசர்பின் சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். பாசல் நகரத்து ஆலையிலிருந்து வந்தாலும் வங்காளத்துச் செடியிலிருந்து வந்தாலும் மூளைக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. இந்த அசைவுகள் எல்லாமே மருந்தால் வந்தவை என்று எப்படிச் சொல்கிறாய், நோயே காரணமாக இருக்கக்கூடாதா? இருக்கலாம். இதற்கு ஆதாரம் நம் சென்னையிலேயே இருக்கிறது. எந்த மருந்தும் வருவதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிரெப்பெலின் இத்தகைய சில அசைவுகளைத் தன் நோயாளிகளிடம் குறித்திருக்கிறார். ஆனால் மருந்தே சாப்பிடாத நோயாளிகளை இந்தக் காலத்தில் எங்கே தேடுவது? ஸ்காட்லாந்திலிருந்து மெக்ரீடி என்ற மருத்துவர் இதற்காகச் சென்னைக்கு வந்தார். 1984-ல் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பின் தாராவும் மற்றவர்களும் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வு 1996-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ சஞ்சிகையில் வந்தது. வயதானவர்களைத்தான் பரிசோதித்தார்கள். தாமாக நிகழும் அசைவுகள் நோயற்றவர்களில் நூற்றுக்கு 15 பேரிடம் இருந்தன. மருந்தே சாப்பிட்டிராத மனச்சிதைவு நோயாளிகளில் 38. மருந்து சாப்பிட்டவர்களில் 41. பார்க்கின்சன் போன்ற விறைப்பு இதே வரிசையில் 6, 24, 36. மருந்தே சாப்பிடாதவர்கள் 21 பேர்தான், சிறிய எண்ணிக்கை. இருந்தாலும் அது சொல்வது பெரிது. நோய்க்கும் முதுமைக்கும் இந்த அசைவுகளில் பங்கு உண்டு. மருந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது. ஒரு தனி மனிதரின் வாயசைவைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு இது இதனால் வந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

என் வாதம் இதனால் பலவீனமாவதாக நான் நினைக்கவில்லை. பலப்படுகிறது. ஏனென்றால் மருத்துவரே பல மாதம் பின்தொடர்ந்து, மருந்துச் சீட்டுகளைப் புரட்டி, வீட்டாரை விசாரித்து முடிவுக்கு வரவேண்டிய ஒரு விஷயத்தை நம் கவிஞர் டீ குடித்து முடிப்பதற்குள் தீர்த்துவிடுகிறார். எல்லாம் பைத்தியம் என்பது எவ்வளவு சோம்பேறித்தனமோ, எல்லாம் மருந்து என்பதும் அவ்வளவு சோம்பேறித்தனம். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவச் சொல்லி நான் இதை எழுதவில்லை.

மூன்றாவது ஆட்சேபம் வழக்கமானது. இலக்கியம் மருத்துவ அறிக்கையா, படைப்பாளிக்குச் சுதந்திரம் கிடையாதா? தாராளமாக உண்டு. நிலாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நிலா அதைப் படித்து வருந்தப் போவதில்லை. ஆனால் நாம் எழுதும் மனிதரும் அவர் அக்காவும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள். படிமத்தின் நேர்மை பொருளின் நேர்மையிலிருந்து வருகிறது என்று படிமவாதிகளிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லித்தானே நாம் மரபுக் கவிதையை நையாண்டி செய்தோம்? தாமரை முகம், வில் புருவம் என்று பார்க்காமலே எழுதியதுதானே பழைய கவிதையின் மேல் நம் குற்றச்சாட்டு? மெல்லும் வாய் இன்றைக்கு நம்முடைய தாமரை முகம்.

பார்ப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், 1976-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அசைவுப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. எய்ம்ஸ் என்று அதன் சுருக்கப் பெயர், ஆஸ்பத்திரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் வழிமுறையை ஒரு விமர்சனப் பாடமாகவே வைக்கலாம். முதலில், நோயாளிக்குத் தெரியாமல், அவர் சும்மா இருக்கும்போது கவனிக்கவேண்டும். பிறகு கைப்பிடி இல்லாத கெட்டியான நாற்காலியில் உட்காரவைக்கவேண்டும். காலணியைக் கழற்றச் சொல்லவேண்டும், கால் விரல்களும் பேசும் என்பதால். வாயில் மிட்டாயோ வேறெதாவதோ இருக்கிறதா என்று கேட்கவேண்டும். பல்லில் தொந்தரவா, பல்செட் கட்டியிருக்கிறாரா என்று கேட்கவேண்டும். இந்த இரண்டு கேள்விகளை மட்டும் நம் எழுத்தாளர்கள் கேட்டிருந்தால் எத்தனை கவிதைகள் பிறக்காமல் இருந்திருக்கும்! அப்புறம் நாக்கை நீட்டச் சொல்லி, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தட்டச் சொல்லி, நடக்கச் சொல்லி, ஒவ்வொரு உறுப்பின் அசைவுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண். நடுவில் ஒரு கேள்வி வருகிறது. இந்த அசைவு உங்களுக்குத் தெரிகிறதா, தெரிந்தால் அது உங்களைத் தொந்தரவு செய்கிறதா? பலருக்கு அது தெரிவதே இல்லை. தன் வாய் ஆடுவதைத் தான் அறியாத ஒருவரை ஊரே பார்த்துச் சிரிக்கிறது என்ற ஒரு வாக்கியத்தில் இருக்கும் பயங்கரத்துக்கு ஈடாக நம் பைத்தியக் கவிதைகளின் தொகுதி எதிலும் நான் எதையும் படித்ததில்லை.

விதிவிலக்கு இல்லாமலில்லை. கோபி கிருஷ்ணன் மனநோயாளிகளோடு இருந்து எழுதினார். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்று அவர் புத்தகத்துக்கு வைத்த தலைப்பே, மற்றவர்கள் வெளியிலிருந்து எழுதுகிறார்கள் என்ற விமர்சனம். அவரைப் புகழ்கிறோம். அவர் செய்ததைச் செய்வதில்லை.

கடைசியாகச் சொல் பற்றி ஒரு வார்த்தை. நம் வேலை சொல்தானே.

அகதீசியா என்ற சொல்லை 1901-ல் ப்ராக் நகரத்தில் ஹாஸ்கோவெட்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் உண்டாக்கினார். மருந்துகள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், உட்கார முடியாத இரண்டு நோயாளிகளைப் பார்த்து. கிரேக்கத்தில் உட்காராமை என்று பொருள். கலைச்சொல் மோகம் கொண்டவர்கள் இதற்கு எட்டெழுத்தில் ஒரு சமஸ்கிருதத்தையோ பத்தெழுத்தில் ஒரு தனித்தமிழையோ அடித்துத் தரத் தயாராக இருப்பார்கள். தேவையே இல்லை. தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் கேட்கலாம்: அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருப்புக்கொள்ளாமை. கிரேக்கச் சொல்லுக்கு அச்சு அசலான தமிழ், ஹாஸ்கோவெட்ஸ் பிறப்பதற்கு முன்பிருந்தே நம் பாட்டிகளின் வாயில் இருந்திருக்கக்கூடிய தமிழ்.

ஆனால் இருப்பு என்ற சொல்லை நம் விமர்சகர்கள் என்ன செய்தார்கள்? சார்த்தரிடம் அடகு வைத்தார்கள். இருப்பு என்றால் மானுட இருப்பு, இருத்தலின் அவஸ்தை, இருப்பின் பாரம். என் ஆபீஸில் இருப்பு என்றால் கணக்கில் மீதமுள்ள பணம், அதுகூட இதைவிட ஸ்தூலமானது. ஆக, இருப்புக்கொள்ளாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்தவுடன் நமக்கு இருத்தலியல் ஞாபகம் வந்துவிடுகிறது. அவருடைய அவதி கீயர்க்கெகார்டைச் சேர்ந்ததல்ல. நேற்று ஏற்றிய மருந்தின் அளவைச் சேர்ந்தது. அளவைக் குறைத்தாலோ, மருந்தை மாற்றினாலோ, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ராப்ரனலால் என்ற சாதாரண மாத்திரையைச் சேர்த்தாலோ பலருக்கு அது தணிகிறது. தணியாமல் விட்டால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எல்லைக்கு ஆளைத் தள்ளக்கூடிய அவதி அது. நோய் முற்றிவிட்டது என்று தப்பாகப் புரிந்துகொண்டு மருந்தை இன்னும் ஏற்றுகிற வைத்தியமும் நடக்கிறது. ஏற்றினால் இன்னும் நடப்பார். இந்த இடத்தில் ஒரு சரியான சொல் ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடும். டாக்டரிடம், தம்பி ஒரு மாதிரி இருக்கான் என்பதற்குப் பதில், மாத்திரை மாற்றியதிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை என்கிறான், உள்ளே பிறாண்டுகிறது என்கிறான் என்று ஒரு அண்ணன் சொல்லத் தெரிந்துகொண்டால் போதும். சொல்லுக்குச் சக்தி உண்டு என்று மேடையில் முழங்குகிறோமே, அந்தச் சக்திக்கு இங்கே வேலை இருக்கிறது.

நிலைமை முழுக்க இருட்டும் இல்லை. புதிய மருந்துகளில் இந்த விளைவுகள் குறைவு, அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை. டார்டிவ் டிஸ்கினீசியாவுக்கென்றே இரண்டு மருந்துகளை 2017-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ரிசர்பின் தொட்ட அதே இயக்கத்தை அவை வேறு விதமாகத் தொடுகின்றன. அதே 2017-ல் நம் நாட்டில் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டம், கொடுக்கப்போகும் சிகிச்சையின் தெரிந்த பக்கவிளைவுகளைக் கேட்டறியும் உரிமையை நோயாளிக்குத் தந்திருக்கிறது. சட்டத்தில் இருக்கும் உரிமை ஓ.பி. வரிசையில் நிற்கிறவருக்கு வந்து சேர, கேட்கத் தெரியவேண்டும். கேட்க மொழி வேண்டும். அந்த மொழியைப் பெருக்குவதை விட்டுவிட்டு, கீழ்ப்பாக்கம் கேஸ் என்று சினிமாவும், பிரபஞ்சப் பித்தன் என்று சிறுபத்திரிகையும் ஒரே ஆளை இரண்டு பக்கமிருந்தும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. சினிமாவை நாம் கரித்துக்கொட்டுகிறோம். எந்தத் தகுதியில் என்று எனக்குப் புரியவில்லை.

பைத்தியத்தைப் பற்றி எழுதாதே என்று யாருக்கும் நான் உத்தரவு போடவில்லை. அடுத்த தடவை எழுத உட்காருமுன் அந்த மனிதர் பக்கத்தில் போய் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்கலாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? இந்த அசைவு அதற்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா? டாக்டரிடம் சொன்னீர்களா? பதில் சொல்ல அவருக்கு நேரம் பிடிக்கும். நாக்கு ஒத்துழைக்காமல் இருக்கலாம். காத்திருக்கவேண்டும். சொல்லவில்லை என்று பதில் வந்தால், மாத்திரையைத் தானாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, முடிந்தால் கூடவும் போய்விட்டு, அதற்குப் பிறகு கவிதை மிச்சம் இருந்தால் எழுதலாம்.